ஐப்பசிக் கீரை பறிப்பது எப்படி? வடசென்னைவாசிகளுக்கு ஓர் எளிய கையேடு

மழை பிடித்துக்கொண்டது. உலகத்தின் பல ஊர்களில் இந்த மாதங்களில் ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போலந்திலும் இத்தாலியிலும் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காளான் காட்டிக் கொடுக்கிறார்கள். கோபன்ஹேகனில் நோமா என்றோர் உணவகம், கடற்கரையிலும் காட்டிலும் தானாக முளைத்ததைப் பறித்துத் தட்டில் வைத்தே பெரும் பெயர் வாங்கிவிட்டது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் சாலையோரச் செடிகளைச் சுட்டிக்காட்டி, 'இதைத் தின்னலாம்' என்று சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமை நடைகள் வந்துவிட்டன. கட்டணம் உண்டு.

வடசென்னை மட்டும் பின்தங்கிக் கிடப்பது நியாயமில்லை. ராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை, உழாமல் விதைக்காமல் முளைக்கும் பசுமைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. தண்டவாளத்தோரம், கன்டெய்னர் யார்டு மதிலோரம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, மூடிப்போன ஆலையின் முற்றம் என்று திரும்பிய பக்கமெல்லாம் கீரை. புதிதாகக் களமிறங்குபவர்களுக்காக இதோ படிப்படியான வழிமுறை. வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: பருவம் அறிக

மேலைநாட்டுக் கையேடுகள் இலை உதிரும் காலத்தில் கிளம்பச் சொல்லும். நமக்கு அந்த மாதங்களில்தான் இலையே முளைக்கிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், அக்னி நட்சத்திரத்தில் செத்துப்போனதாக நினைத்த கட்டாந்தரை சில நாளில் பச்சை கட்டிக்கொள்ளும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது ஊரறிந்த கணக்கு. நமது பகுதிக்கான பருவ அட்டவணை கொஞ்சம் விரிவானது:

ஐப்பசி: முதல் தளிர். குப்பைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை தலைகாட்டும். கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கும். அதன் நிறத்தை வைத்து எந்தப் பக்கம் மழை அதிகம் என்று சொல்லிவிடலாம்.

கார்த்திகை: கீரை உச்சம். எண்ணெய் வரத்தும் இருக்கலாம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து, படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரத்தின் வேர் என்று ஒன்றுவிடாமல் அப்பிக்கொண்டது.

மார்கழி: பனி, கோலம், பஜனை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலுக்கடியில் போகும் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிய எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியாவிலிருந்துதான் உரம் தயாரிக்கிறார்கள் என்பதால், இதைக் கீரைக்கு அனுகூலமான நிகழ்வு என்று யாராவது ஓர் அறிக்கையில் எழுதக்கூடும்.

தை: பனங்கிழங்கு. மறுபடியும் எண்ணெய்க்கு வாய்ப்பு. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் முட்டிக்கொண்டன. இத்தனை பெரிய கடலில் இரண்டே கப்பலுக்கு இடம் போதவில்லை. கரையொதுங்கிய கரும்பிசுக்கை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக மொண்டு எடுத்தார்கள்.

ஆண்டு முழுவதும்: அனல்மின் நிலையச் சாம்பல். பருவம் பொய்க்காத விளைச்சல் இது ஒன்றுதான்.

படி 2: கருவிகளைச் சேர்க்க

பை: மஞ்சப்பை போதும். 2021 டிசம்பரிலிருந்து அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று சொல்லி வருவதால், வாசலில் நிற்கும் காவலாளி பையைச் சோதிக்கும்போது அரசுத் திட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கத்தி: தேவையில்லை. நகத்தால் கிள்ளுவதற்குச் சங்க இலக்கியச் சான்று இருக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பசியில் வாடிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் வெறுமனே வேகவைத்து, அயலார் கண்ணில் படக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். அந்த அடுக்களையில் கறையான் அரித்த சுவர் மண்ணில் காளான் வேறு பூத்திருக்கிறது. காட்டுக்கீரை, காளான், மாற்றுச் சமையலறை என்று இன்றைய வார இதழ்ச் சிறப்பிதழுக்கு வேண்டிய எல்லாம் அந்தச் சில அடிகளிலேயே இருக்கிறது. ஒரே வித்தியாசம்: அவள் கதவை அடைத்தாள், நாம் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறோம்.

கம்பூட்: முழங்கால் வரை. கழிமுகத்துச் சாம்பல் படுகை பார்ப்பதற்குச் சிமென்ட் தரையாகத் தெரியும். கால் வைத்த பிறகுதான் அது தரையில்லை என்று புரியும்.

காந்தம்: இது வடசென்னைக்கே உரிய கருவி. இலையை ஒரு வெள்ளைத்தாளின் மேல் உதறுங்கள். விழுந்த தூசியின் அருகில் காந்தத்தைக் கொண்டுபோனால் கொஞ்சம் எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். நிலக்கரிச் சாம்பலில் இரும்பு ஆக்சைடு துகள்கள் உண்டு. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது இப்படிக் கண்ணெதிரே நிரூபணமாவதை வேறெந்த ஊரில் பார்க்க முடியும்?

படி 3: செடியை அறிக

இந்தப் படிதான் கஷ்டம் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். உண்மையில் இதுதான் சுலபம்.

குப்பைக்கீரை: பெயரிலேயே விலாசம் இருக்கிறது. முளைக்கீரைக்குச் சொந்தக்காரன். தளிராகக் கிள்ளிக் கடைந்தால் சோறு தனியாக இறங்கும்.

மூக்கிரட்டை: தரையோடு படரும். இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெளிறல், ஊசிமுனை அளவில் செந்நிறப் பூ. மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் இதற்குத் தனி மரியாதை.

சாரணை: மழை விழுந்ததும் காலி மனையை முதலில் பட்டா போட்டுக்கொள்வது இதுதான். இளசாக இருக்கும்போது மட்டும் பறிக்க வேண்டும். முற்றினால் வயிற்றைக் கலக்கும்.

பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும்: ஈரம் இருக்குமிடத்தில் இருக்கும். கால்வாய்க் கரையில் கொழுகொழுவென்று நிற்கும். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

முடக்கத்தான்: வேலியில் ஏறும். காற்றடைத்த சின்னப் பையாகக் காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் ஒரு வெள்ளைப் புள்ளி. மாவோடு அரைத்துத் தோசை வார்க்கலாம்.

நல்வேளை: வெள்ளைப் பூ, நீண்ட காம்பு, கசப்பும் காரமுமாக ஒரு வாடை. தண்டவாளத்துச் சரளையில் கூட முளைக்கும்.

உமரி: நம் பகுதியின் நட்சத்திரம். உப்புச் சேற்றில் வளரும், குட்டையாக, சதைப்பற்றாக. இலையைக் கடித்தால் உப்பு. இதன் தூரத்து உறவான ஒரு செடியை லண்டன் கடைகளில் சாம்ஃபயர் என்று பெட்டியில் அடைத்து மீனோடு பரிமாற விற்கிறார்கள். நமது உமரிக்கு இன்னும் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.

இனி விஷச்செடிகள். ஊமத்தை, எருக்கு, அரளி, ஆமணக்கு விதை. இவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இவை விஷம் என்று குழந்தைக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும். ஆகவே இவற்றால் யாருக்கும் பெரிய ஆபத்து வருவதில்லை. எண்ணூர் வட்டாரத்தில் கவலைப்பட வேண்டியது நல்ல கீரையைப் பற்றித்தான்.

சந்தேகம் இருந்தால் செல்போன் செயலியில் படம்பிடித்துத் தேடாதீர்கள். தெருவுக்கு ஓர் ஆயா இருப்பார். இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உரையாடல் பெரும்பாலும் இப்படி நடக்கும்:

"ஆயா, இது இன்னா கீரை?"

"இது மூக்கரட்டப்பா. ரசம் வெச்சா கால் வலிலாம் பறந்துடும். எங்க புடுங்கின?"

"கால்வா ஓரம்."

"தூக்கிப் போட்டுட்டு, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

தாவரவியலும் சூழலியலும் சேர்ந்த முழுப் பாடத்திட்டம் இது. கட்டணம் ஒரு வெற்றிலைச் சுருள்.

படி 4: மண்ணை அறிக

ஆயா கேட்ட கேள்விதான் இந்தக் கையேட்டின் உயிர். மற்ற ஊர்களில் செடியின் பெயர் தெரிந்தால் போதும். இங்கே மண்ணின் பணி வரலாறு தெரிய வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர் விசாரிப்பதைப்போல விசாரியுங்கள்: இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய்? எந்த ஆலையில்? எத்தனை வருடம்? விலகியபோது கையில் என்ன கொடுத்தனுப்பினார்கள்?

ஏன் இந்த விசாரணை என்றால், கீரை நல்ல மனசுள்ள செடி. மண்ணில் இருப்பதை மறைக்கத் தெரியாது. காட்மியம் போன்ற உலோகம் வேர் வழியாக ஏறி நேராக இலைக்குப் போய்விடும். கீரை இனங்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், ஆனால் சாலைத் தூசியாக வந்து இலைமேல் உட்கார்ந்துகொள்ளும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் உட்படப் பல உலோகங்கள் உண்டு. தூசி கழுவினால் போகும். உள்ளே குடியேறிவிட்டது போகாது. அது வாசனையும் காட்டாது, கசக்கவும் செய்யாது, தின்றவுடன் வாந்தியும் வராது. பல வருடம் பொறுமையாக இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தெற்கிலிருந்து வடக்காக நடப்போம்.

ராயபுரம்: தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் கிளம்பியது. தண்டவாளத்தோர மண் அன்றிலிருந்து நீராவி எஞ்சின் கரி, எண்ணெய், பெயின்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. களை முளைக்காமலிருக்க ரயில்வே மருந்து தெளிப்பதும் உண்டு. அதையும் மீறி நிற்கும் நல்வேளைக்குத் தலைவணங்கிவிட்டு, தின்னாமல் நகரவும். முன்பெல்லாம் இங்கே துறைமுகத்து நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் துணியிலும் தட்டிலும் படியும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்கு நின்றது. ராயபுரத்துக் கொடியில் காயும் வேட்டி வெள்ளையாயிற்று. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. எண்ணூரில் வேட்டி கட்டுபவர்கள் இல்லை என்று முடிவு செய்திருப்பார்கள்.

காசிமேடு: மீன்பிடித் துறைமுகம். இங்கே கீரை தேடுபவரை விசித்திரமாகப் பார்ப்பார்கள். சென்னாகுன்னிக் கருவாடு வாங்கிக்கொண்டு வரவும். சமையல் படியில் தேவைப்படும்.

திருவொற்றியூர்: தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்த ஊர். விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் மெட்ரோ நிலையத்தில் நிற்கிறது. இங்கே ஒவ்வொரு காலி மனைக்கும் ஒரு பழைய கம்பெனியின் நினைவு இருக்கும். எதிர்வீட்டுப் பெரியவரைக் கேட்டால், எந்த மனையில் எந்தக் கிடங்கு இருந்தது என்று ஷிஃப்ட் நேரத்தோடு சொல்வார். கடற்கரையில் படரும் அடப்பங்கொடியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் கடற்கரையைத் தேட வேண்டியிருக்கும். கடல் அரித்துப் பாறை கொட்டிய இடமே அதிகம்.

எண்ணூர்: இறுதிக்கட்டம். இங்கே 1970-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் ஓய்வு பெற்றது. ஆற்றுக்கு அப்பால் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் பணியைத் தொடர்கிறது. எரித்து முடித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது ஏற்பாடு. குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆற்றுக்கும் ஒரு பங்கு போய்விடும். அடிக்கடி கசிந்திருக்கிறது. விளைவாகக் கழிமுகத்தில் ஆழமிருந்த இடத்தில் சாம்பல் மேடு. உப்பு, ஈரம், மனித நடமாட்டமில்லாத வெளி: உமரிக்கு வேண்டிய மூன்றும் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் உமரி. பறிக்கக் குனிந்தால் தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு.

இதே கழிமுகத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் மீனவர்களும் உண்டு. கலங்கிய தண்ணீருக்குள் விரல் நுனியில் இறாலை அடையாளம் காண்பது எந்த வார இறுதி நடையிலும் கற்றுத்தர முடியாத வித்தை. இப்போது அவர்கள் விரலில் காக்கா ஆழிதான் அதிகம் தட்டுப்படுகிறது. தென்னமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்த இந்தச் சிப்பி வந்தேறி, ஆற்றடியைப் பாய் விரித்தாற்போல மூடிக்கொண்டு, இறால் புதைந்து வாழ மண் கிடைக்காமல் செய்துவிட்டது. விருந்தாளியைச் சமைத்துத் தின்றுவிடலாமே என்று கேட்கும் புதியவர்கள், சிப்பி என்பது தண்ணீரை வடிகட்டி, வடிந்ததைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும் பிராணி என்பதை நினைவில் கொள்ளவும்.

படி 5: அனுமதி பெறுக

பறிக்கும் முன் இடம் யாருடையது என்று கேட்பது பண்பாடு. துறைமுக மதிலோரம் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். தண்டவாளம் ரயில்வேயுடையது. கால்வாய் நீர்வளத் துறையுடையது என்று மாநகராட்சி சொல்லும், மாநகராட்சியுடையது என்று வேறு யாராவது சொல்வார்கள். இந்த இழுபறியில் ஒரு பருவம் முடிந்து கீரை முற்றிவிடும்.

கழிமுகத்தில் இந்தச் சிக்கல் குறைவு. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் கட்டடம் எழுப்பக்கூடாத பாதுகாப்புப் பகுதியாக இருந்தது. பிற்பாடு வந்த ஒரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணவில்லை என்று 2017-இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் கூக்குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்த எண்ணூரிலேயே படமாகி வெளிவந்தது. வரைபடத்தில் இல்லாத ஆற்றங்கரையில் பறிக்க யாரிடம் அனுமதி கேட்பது? தைரியமாக இறங்கலாம். வழுக்கி விழுந்தாலும் எங்கே விழுந்தீர்கள் என்று எழுத மருத்துவமனைப் படிவத்தில்தான் இடமிருக்காது.

படி 6: காளான், சிறப்புப் பாடம்

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது நம்பிக்கை. உண்மையில் மழை ஈரம் புற்றுக்குள் இறங்கியதும், கறையான்கள் உள்ளே வளர்க்கும் பூஞ்சணம் வெளியே குடை விரிக்கிறது. புற்றுக்காளான், அரிசிக்காளான் என்று கிராமத்தில் கொண்டாடும் காளான்கள் இவைதாம். கறையானின் துணையில்லாமல் பண்ணையில் இதை வளர்க்க முடிவதில்லை.

வடசென்னையில் புற்று உண்டு. ஆனால் புற்று வந்த மூன்றாம் நாள் மஞ்சள் பூசி, ஆறாம் நாள் தகரக் கொட்டகை போட்டு, அடுத்த ஆடிக்குள் நாகாத்தம்மன் குடிவந்துவிடுவாள். ஊரின் ஆதிப்புற்றே திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரராக இருக்கிறது. புற்று லிங்கமான அவர் மேல் வருடம் முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து தைலக்காப்பு நடக்கும். காளான் பருவமும் அதுதான் என்பது தற்செயல். கும்பிட்டுவிட்டுக் காளானை வேறிடத்தில் தேடவும்.

வேறிடம் என்றால் மைதானத்துப் புல்தரை. மழை விட்ட காலையில் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும். பார்க்கச் சாதுவாக இருக்கும் இந்த வகையில், குடைக்கடியில் நாளடைவில் பச்சைச் சாயல் ஏறும் ஒன்று உண்டு. தின்றால் சில மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். இதைவிடக் கொடியவையும் உலகில் உண்டு. அமடாக்சின் என்ற நஞ்சுள்ள காளான்கள் தின்றவுடன் எதுவும் செய்யாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்து, வாந்தி பேதி. பிறகு குணமானதாகத் தோன்றும். அந்த இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள் சிவக்கும், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்று உலவும் சோதனைகள் எல்லாமே பொய். இந்தப் பத்தியில் மட்டும் கேலி கிடையாது.

பயந்தவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள். ஒன்று, மாலையில் தள்ளுவண்டிக்குப் போய் ஒரு பிளேட் காளான் கேட்பது. சிவப்பாக, மொறுமொறுப்பாக, மேலே கொத்தமல்லி தூவிக் கொடுப்பார்கள். அதில் பெரும்பகுதி முட்டைக்கோஸும் மைதாவுமாகத்தான் இருக்கும். விஷக்காளான் அபாயம் துளியும் இல்லாத காளான் உலகிலேயே இது ஒன்றுதான். இரண்டாவது, பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே.2 என்ற ரகத்தை வெளியிட்டது. பெயரில் இருப்பது அருப்புக்கோட்டை. நம் புழுக்கத்துக்கு அஞ்சாத ரகம். வைக்கோல் நிரப்பிய பையில் வீட்டு மூலையிலேயே வளர்க்கலாம். காளானும் மண்ணிலிருக்கும் உலோகத்தை உறிஞ்சும் குணமுள்ளது என்பதால், நம் மண்ணைத் தொடாமல் வளர்வது அதற்கொரு பாக்கியம்.

படி 7: ருசித்து அறிக (பட்டினத்தார் முறை)

இந்த வட்டாரத்தில் காட்டுத் தாவரத்தை முறைப்படி ருசி பார்த்துச் சோதித்தவர் பட்டினத்தார். கையில் பேய்க்கரும்போடு தலம் தலமாகப் போனார். எங்கே அதன் நுனி இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது அவருக்குக் கிடைத்த வாக்கு. கசந்துகொண்டே வந்த கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது வரலாறு. அவர் சமாதி இன்றும் கடலோரத்தில் இருக்கிறது.

இம்முறையில் ஒரு பாடம் இருக்கிறது: கசப்பான செடி திடீரென்று இனித்தால் அந்த இடத்தில் வாழ்க்கை முடிகிறது. முக்தி வேண்டாதவர்கள் ருசித்துப் பார்க்கும் முறையைத் தவிர்க்கவும்.

படி 8: சமைக்க

உமரிப் பொரியல். தேவையானவை: உமரி ஒரு கட்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் நான்கு, பூண்டு ஆறு பல், சென்னாகுன்னி ஒரு பிடி, தேங்காய்த் துருவல், மண் ஆய்வு அறிக்கை ஒன்று.

உமரியை நன்றாகக் கழுவவும். முதல் தண்ணீர் கறுப்பு, இரண்டாம் தண்ணீர் சாம்பல், மூன்றாம் தண்ணீர் மெட்ரோ வாட்டர் நிறத்துக்கு வந்தால் போதும். கொதிநீரில் வேகவிட்டுத் தண்ணீரை வடித்துக் கொட்டவும். இல்லாவிட்டால் உப்பு தாங்காது. சென்னாகுன்னியை வெறும் சட்டியில் வறுத்துத் தூசி போகப் புடைத்து வைக்கவும். எண்ணெயில் மிளகாய், பூண்டு, வெங்காயம் தாளித்து, உமரியைப் போட்டுப் பிரட்டி, சென்னாகுன்னியும் தேங்காயும் சேர்த்து இறக்கவும். உப்புப் போட வேண்டாம். சிறுபாணாற்றுப்படைக் குடும்பத்துக்குக் கிடைக்காத உப்பை இந்தக் கீரை தானே கொண்டுவருகிறது. கூட இன்னும் சிலவற்றையும் கொண்டுவருகிறது. அதற்குத்தான் கடைசியில் சொன்ன பொருள்.

அறிக்கை கிடைக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அதுவரை பசி தாங்காதவர்கள், காலையில் கூடையோடு வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்கிக்கொள்ளவும். மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் பக்கம் விளைந்தது என்பார். தண்ணீர் எங்கிருந்து பாய்ச்சுகிறார்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் வீட்டிலும் அதே கீரைதான். மொட்டைமாடி இருப்பவர்கள் நல்ல மண் வாங்கித் தொட்டியில் முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போடலாம். முடக்கத்தான் கம்பியில் ஏறிக்கொள்ளும். சாம்பல் காற்றில் வரும் நாளில் ஒரு துணி போர்த்தினால் தூசியாவது குறையும்.

விற்பவர் வார்த்தையில் சந்தேகம் வந்தால் திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தடிக்கு அழைத்துப் போகலாம். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று அங்கே சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீரைக்கார அம்மாவை மட்டும் அங்கே நிறுத்துவது முறையில்லை. 'எங்கள் வளாகத்திலிருந்து கழிவு எதுவும் வெளியேறவில்லை' என்று அறிக்கை விடுகிறவர்களுக்கும் அதே மரத்தடியில் ஒரு கவுன்டர் திறக்கலாம்.

தகுதித் தேர்வு

கையேட்டைப் படித்து முடித்தவர்கள் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடையளித்து 'வடசென்னைப் பறிப்பாளர்' சான்றிதழ் பெறலாம்.

1. மைதானத்தில் ஒரு வெள்ளைக் குடைக்காளான் நிற்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது: (அ) வெள்ளிக்காசோடு வேகவைப்பது (ஆ) வீட்டு உரிமையாளருக்கு முதலில் கொடுத்தனுப்புவது (இ) நின்ற இடத்திலேயே விட்டுவிடுவது. குறிப்பு: 'ஆ' எழுதுபவர்களின் விடைத்தாள் காவல் நிலையத்துக்கு அனுப்பப்படும்.

2. ஊமத்தை, எருக்கு, குப்பைக்கீரை மூன்றும் ஒரே சாம்பல் மேட்டில் முளைத்திருக்கின்றன. அதிக ஆபத்தானது எது, ஏன்? விடை: குப்பைக்கீரை. மற்ற இரண்டையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள்.

3. ராயபுரத்திலிருந்து கிளம்பிய நிலக்கரித் தூசி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வரைபடம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். எண்ணூர் கழிமுகத்தைக் குறிக்க மறந்தவர்களுக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. முன்னுதாரணம் உண்டு.

4. இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று சோதித்து, ஊருக்குச் சொல்லி, சுத்தம் செய்து கொடுக்க வேண்டியவர் யார்? (அ) கீரை பறிப்பவர் (ஆ) கீரை விற்பவர் (இ) கீரை தின்பவர் (ஈ) அதைக் கொட்டியவர். 'ஈ' என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். சான்றிதழ் வழங்கும் தேதி அடுத்த வாய்தாவில் அறிவிக்கப்படும்.